பத்துப் பேருக்காகக் கட்டிய மைக்செட்

பெற்ற பிள்ளைக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை நான் ஒரே ஒரு முறைதான் மீறியிருக்கிறேன். அதற்கு நானூறு பேர் சாட்சியாக இருந்துவிட்டார்கள் என்பதுதான் என் துரதிர்ஷ்டம். (நான் எண்ணவில்லை. எண்ணுகிற நிலையிலும் இல்லை. ஆனால் நானூறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கொடுமையைப் பின்னால் சொல்கிறேன்.)

இன்றைக்கும் எங்கேயாவது ஒலிபெருக்கியில் "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்" என்று கேட்டால் போதும். கல்யாண வீடோ கட்சிக் கூட்டமோ, கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வசந்தா எங்கே என்று தேடுவேன். வசந்தாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருக்கிறாள். தொலைந்துபோகிற வயதில்லை.

அறுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் கல்கத்தா ரோட்டை ஒட்டிய ஊரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர். வசந்தாவுக்குப் பதினோரு வயது. வீட்டில் வாய் ஓயாது. பள்ளிக்கூடத்தில் வாயே கிடையாது. "பேரு கூப்பிட்டா கையைத்தான் தூக்கறா. 'உள்ளேன் ஐயா'ன்னுகூடச் சொல்றதில்லை" என்று அவள் வாத்தியார் என்னிடம் வந்து சொன்ன அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இந்தப் பெண் நாளைக்கு எப்படிப் பிழைக்கும்? கடையில் போய் உப்பு கேட்குமா? கையைத்தான் தூக்குமா?

இதற்கு மருந்தாக நான் கண்டுபிடித்ததுதான் எங்கள் ஊர் நூலகம்.

ரோட்டோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தது அது. வாசலில் ஒரு கரும்பலகை. மேலே 'அடுத்து வரும் நிகழ்ச்சிகள்' என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். கீழே சாக்கட்டியால் மாதாமாதம் நான் நிரப்புவேன். நூலகர் சபாபதி சாருக்குக் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எனக்குக் குண்டு குண்டாக முத்து மாதிரி இருக்கும். (அப்படி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.) அந்த மாதம் மூன்று நிகழ்ச்சிகள். தபால்தலைக் கண்காட்சிக்கு வந்தவர்கள் மூன்று பேர்: தபால்தலைக்காரர், சபாபதி சார், நான். விதை நெல்லைப் பற்றி விவசாய அதிகாரி பேசியதற்கு இரண்டு பேர். நடுவில் மழை வந்ததால் மூன்றாவதாக ஒருவர் ஒதுங்கினார். மூன்றாவது நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை மாலை சிறுவர் பேச்சுப் போட்டி. அதற்குக் கீழே, யாரையும் கேட்காமல், 'செல்வி வசந்தா' என்று எழுதினேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள்.

"அம்மா, போர்டுல என் பேரு கீது."

"ஆமா."

"அழிச்சிட்டேன்."

நான் போய் மறுபடி எழுதினேன். அவள் மறுபடி அழித்தாள். மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தோம்.

"எத்தினி பேரு வருவாங்க?" என்று கேட்டாள்.

"லைப்ரரிக்கு யாருடி வரப்போறா? மிஞ்சிப்போனா பத்துப் பேரு."

"பதினோரு பேரு வந்தா?"

"வரமாட்டாங்க."

"என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

தபால்தலைக் கண்காட்சியை நினைத்துக்கொண்டு தைரியமாக அடித்தேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்தப் பெண்ணின் நன்மைக்காக மட்டுமே. இதைப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், அவள் குரல் சன்னம். பத்துப் பேருக்கே எட்டாது. ஆகவே மைக் வேண்டும். மைக்செட் நாகராஜைக் கூப்பிட்டேன். அவன் நூலகத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள கட்டுனா கொய்ங்னு கத்தும்கா. பக்கத்து மனைல வச்சிக்கலாம்" என்றான். பக்கத்துக் காலி மனையில் யாரோ வீடு கட்டுவதற்காக மணல் கொட்டி வைத்திருந்தார்கள். அங்கே நூலக மேஜைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கினோம். நாகராஜ் வேப்பமரத்தில் ஏறி இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டினான்.

"பத்துப் பேருக்கு எதுக்குப்பா ரெண்டு?"

"ஒண்ணு கட்டுனா மரம் பார்க்க நல்லா இருக்காதுக்கா."

அடுத்தது ரோடு. மேடைக்குப் பின்னாலேயே கல்கத்தா ரோடு. எளாவூர் செக்போஸ்ட்டில் நின்று நின்று வெறுத்துப்போன லாரிகள் அங்கிருந்து விடுபட்டதும் எங்கள் ஊர் வழியாகத்தான் பறக்கும். பேச்சுக்கு நடுவே இவள் திரும்பி லாரி பார்க்க ஆரம்பித்துவிட்டால்? அதனால் என் வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து, மேடைக்குப் பின்னால் இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். சலவை செய்த வேட்டி. வெள்ளை வெளேரென்று இருந்தது.

கடைசியாக, ஐந்து மணிக்கு நாகராஜ் கேட்டான்: "யக்கா, சும்மா இருக்கறதுக்கு ரெகார்டு போடட்டுமா?"

"சாமி பாட்டா ரெண்டு போடுப்பா. மங்களமா இருக்கும்" என்றேன்.

என் வாயில் சனி அப்போதுதான் வந்து உட்கார்ந்தது.

எங்கள் ஊர் டெண்ட் கொட்டகையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதில் நேரம் தவறாமல் நடப்பது பாட்டு ஒன்றுதான். முதலில் ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டு வைப்பார்கள். டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அடுத்து முருகன் பாட்டு. படம் போடப்போகிறார்கள் என்று அர்த்தம். சுற்றுவட்டாரத்தில் கடிகாரம் இல்லாத வீடுகூட அந்தப் பாட்டுக்குக் கிளம்பும். பிள்ளையார் பாட்டுக்குச் சோற்றை வடித்து, முருகன் பாட்டுக்கு ஓட்டமெடுத்தவள்தான் நானும். அந்த வருஷம் ஐப்பசிக் காற்றில் கொட்டகையின் கூரை பறந்துபோய், இரண்டு மாதமாகப் படமே இல்லை. ஜனங்கள் காய்ந்து கிடந்தார்கள். கொட்டகைக்கு ரெகார்டு போடுகிறவன் யார்? நம்முடைய நாகராஜ்தான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. "கை தானா அந்த வரிசையில எடுத்துப் போட்டுட்ச்சிக்கா" என்று பிற்பாடு அழாத குறையாகச் சொன்னான். நானும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் நின்றேன். ஆனால் என் காதில் வசந்தாவின் மனப்பாடம் தவிர வேறொன்றும் ஏறவில்லை. 'நூலகத்தின் பயன்கள்' என்று இரண்டு பக்கத்துக்கு நான் எழுதிக்கொடுத்த பேச்சு அது.

முதலில் ஒரு பெரியவர் வந்தார். கையில் பாய். விரித்து, படுத்து, கைமேல் தலையை வைத்துக்கொண்டார். ஒரு வாசகர் வந்தார் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு ஆறேழு பெண்கள், இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர்ச் செம்பு. பிறகு பழவேற்காட்டுப் பக்கமிருந்து மீன் விற்க வந்து, விற்று முடித்த பெண்கள் காலிக் கூடைகளோடு. கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். புதுவாயல் பக்கம் போகிற பஸ் ஒன்று நின்று, பாதிப் பேரை இறக்கிவிட்டுப் போயிற்று. வேர்க்கடலைக்காரர் அடுப்போடு வந்துவிட்டார்.

யாரும் சொல்லாமலே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பிரிந்து, நடுவில் ஒரு கயிற்றையும் கட்டிவிட்டார்கள். கட்டட மணலை ஆளுக்கு ஒரு குவியலாகக் குவித்து, கொட்டகையில் தரை டிக்கெட்டுக்கு உட்கார்வது போலவே உட்கார்ந்தார்கள்.

"இன்னா படம்க்கா?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். காதில் வெள்ளைக்கல் கம்மல், முன்வரிசையில் நல்ல உயரமான மணல் குவியல்.

"படம் இல்லீங்க. இது லைப்ரரி நிகழ்ச்சி."

"அதான்க்கா. லைப்ரரில இன்னா படம்?"

படிக்கத் தெரிந்த ஒருவர் கரும்பலகையைப் பார்த்துவிட்டு வந்து அறிவித்தார்: "சிறுவர் பேச்சுப் போட்டி."

"புதுப் படமாட்டம் கீது. யாரு ஆக்ட்டு?"

"செல்வி வசந்தான்னு போட்டுக்கீது."

"யாரோ புதுசு போல."

நூலகத்தின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் என் பெண். பத்து விரலையும் விரித்து எனக்குக் காட்டினாள். பிறகு எல்லா விரலையும் மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சபாபதி சாரிடம் ஓடினேன். "சார், இவங்க எல்லாம் சினிமான்னு நினைச்சு வந்திருக்காங்க!"

அவர் கண்ணில் தண்ணீர். "எதுக்கோ வந்தாங்கம்மா. வந்தாங்களே! ரிஜிஸ்டரை எடுங்க." வருகைப் பதிவேட்டோடு அவர் கூட்டத்துக்குள் நுழைந்ததும், கையெழுத்துப் போட்டால்தான் டிக்கெட் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரே தள்ளுமுள்ளு. பேனா தீர்ந்துபோய்ப் பென்சிலில் போட்டார்கள். பென்சில் முனை உடைந்தபோது ஒருவர் தன் மீன்கூடையிலிருந்து கத்தியை எடுத்துச் சீவிக் கொடுத்தார். அந்த நூலகத்தின் சரித்திரத்திலேயே அத்தனை வாசகர்கள் ஒரே நாளில் வந்ததாக ரிஜிஸ்டர் இன்றும் சொல்லும். பக்கங்களில் கொஞ்சம் செதிளும் இருக்கும்.

இந்த நேரம் பார்த்து முருகன் பாட்டு முடிந்தது. என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

அவருக்கு நான் கொடுத்திருந்த வேலை, ரயிலில் வரும் விழாத் தலைவரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருவது. திருவள்ளூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். பரிசுகளை ஒரு தகரப் பெட்டியில் கொண்டு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் பெட்டியை சைக்கிள் காரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு முன்னே வர, தலைவர் அங்கவஸ்திரத்தோடு பின்னே வந்தார். எங்கள் ஊர்க் கொட்டகைக்குப் படப்பெட்டி வருவதும் அதே ரயிலில்தான். அதே மாதிரித் தகரப் பெட்டிதான். ஸ்டேஷனிலிருந்து வருவதும் சைக்கிள் காரியரில்தான்.

"பொட்டி வந்துட்ச்சிடோய்!"

விசில் பறந்தது. துண்டுகள் பறந்தன. நாலு பேர் ஓடிவந்து பெட்டியை அவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள். தலைவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையையும் கூப்பினார். மேடை ஏறி மைக்கைப் பிடித்தவர், "இந்த மண்ணில் தமிழுக்கு இப்படி ஒரு வரவேற்பா!" என்று தொடங்கி, இருபது நிமிடம் பேசினார். கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. நடுவில் அழுத ஒரு குழந்தையை அதன் அப்பா, "கம்னு இருடா, நியூஸ் ரீலு ஓடுது. இத்த தாண்டித்தான் படம்" என்று அதட்டியது எனக்கு மட்டும் கேட்டது.

அவர் உட்கார்ந்ததும் கூச்சல் கிளம்பியது. "லைட்ட அணை! லைட்ட அணை!" யாரோ ஒரு புண்ணியவான் அணைத்தும் விட்டான்.

இருட்டு. கைதட்டல். அந்தக் கணத்தில் ரோட்டில் ஒரு லாரி திரும்பியது. அதன் விளக்கு வேட்டியின் பின்பக்கம் விழ, வெள்ளைத் துணி முழுக்க ஒரு உருவம். பத்தடி உயரத்தில் ஒரு ஆள், கையில் சைக்கிள், மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய், நின்று, முதுகைச் சொறிந்துகொண்டது.

ஊரே எழுந்து நின்று விசிலடித்தது. "ஹீரோ வந்துட்டாருடா!"

சைக்கிளைப் பத்திரமாக நிறுத்தப் போன என் வீட்டுக்காரர், இந்த ஆரவாரம் யாருக்கு என்று தெரியாமல் திரும்பி நின்று பார்த்ததில் இன்னொரு முறை கைதட்டல் வாங்கினார். லாரி போய்விட்டது. படமும் போய்விட்டது. விளக்கைப் போட்டார்கள்.

இனியும் தாமதித்தால் மேஜை நாற்காலி மிஞ்சாது. நான் மேடை ஏறினேன். படம் இல்லை, இது பேச்சுப் போட்டி, தயவுசெய்து கலைந்து போங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இரண்டு வாரமாக ஒரு குழந்தைக்கு, "சபையைப் பார், நிமிர்ந்து நில், மூச்சை இழுத்து விடு" என்று பாடம் நடத்தியவள் நான். மைக்கைப் பிடித்தேன். சபையைப் பார்த்தேன்.

"ஹலோ" என்றேன்.

"ஹலோ" என்றது கூட்டம்.

"ஹலோ..." என்றேன் மறுபடியும். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது 'ஹலோ'வுக்கு ஒரு வேர்க்கடலை வந்து என் மூக்குக்கண்ணாடியில் பட்டது.

அப்போது பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினாள் வசந்தா. என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"இது கொட்டாய் இல்ல, லைப்ரரி. படம் கெடையாது. பொட்டியில ஜாமெட்ரி பாக்ஸுதான் கீது. நான் பார்த்தேன்."

கடலை கொறிப்பது நின்றது.

"நான்தான் வசந்தா. நான் பேசறதா இருந்திச்சி. பத்துப் பேருக்கு மேல வந்தா பேசமாட்டேன்னு சொல்லிட்டேன். பத்துப் பேருதான் வருவாங்கன்னு எங்கம்மா என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணாங்க. நீங்க எத்தினி பேரு கீறீங்க பாருங்க."

நானூறு பேரும் ஒரு கணம் தங்களைத் தாங்களே திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ஏம்மே, புள்ள தலைல அடிச்சு பொய் சத்தியம் பண்லாமா?" மீன்கூடைப் பக்கமிருந்து ஒரு குரல்.

"படிச்ச பொம்பள மாதிரி கீது. பண்ற வேலையப் பாரு."

"நைனா, படம் இல்லியாம். பேஜாரு" என்று எழுந்த ஒருவரைப் பக்கத்திலிருந்தவர் இழுத்து உட்கார வைத்தார்: "இருய்யா, இதுவே நல்லாகீது."

தலைவருக்குப் பொறுக்கவில்லை. "குழந்தாய், வந்தவர்கள் வந்துவிட்டார்கள். உன் பேச்சை நீ பேசலாமே?" என்றார்.

"அது என் பேச்சு இல்ல சார். எங்கம்மா எழுதுனது. அவங்களே படிப்பாங்க" என்று சொல்லி, பாவாடை மடிப்பிலிருந்து இரண்டு தாளையும் எடுத்து என் கையில் வைத்துவிட்டு, என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மற்ற போட்டியாளர்களைக் கூப்பிடலாம் என்றால், மூன்று பிள்ளைகளும் கூட்டத்தில்தான் இருந்தார்கள். எழுந்தால் மணல் குவியல் போய்விடும் என்று அசைய மறுத்துவிட்டார்கள். நானூறு பேரும் "படி! படி!" என்றார்கள். தப்ப வழியில்லை. எழுதியிருப்பதைப் படிப்பது ஒன்றுதான் அந்த நாக்குக்கு முடிந்த வேலை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய, முப்பத்தாறு வயதான, கண்ணாடி போட்ட நான், தாளைப் பிரித்துப் படித்தேன்:

"அவையோர் அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பு படிக்கும் சிறியவளாகிய நான், என் மழலை மொழியில் சொல்லப்போகும் கருத்துக்களில் பிழை இருப்பின், சிறு குழந்தையென்று எண்ணிப் பொறுத்தருள வேண்டுகிறேன்."

வெள்ளைக்கல் கம்மல்காரி, "பொறுத்துக்கினோம், நீ சொல்லு பாப்பா!" என்றாள்.

அதற்குப் பிறகு நூலகத்தின் பயன்கள் எதுவும் யாருக்கும் கேட்டிருக்காது. சிரிப்பலைக்கு நடுவே நான் ஒரு வரிகூட விடாமல் படித்துக்கொண்டே போனேன். நிறுத்தத் தெரியவில்லை. 'என் பிஞ்சு விரல்களால் புத்தகத்தைப் புரட்டும்போது' என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தி வந்தபோதுதான் அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் வாய் படித்துவிட்டது:

"இறுதியாக, அல்லும் பகலும் என் கல்விக்காகவே தம்மை உருக்கிக்கொள்ளும், அறிவும் பண்பும் ஒருங்கே அமைந்த என் அருமை அன்னைக்கு நன்றி கூறி அமர்கிறேன்."

"அதையும் அவங்கதான் எழுதுனாங்க" என்று நாற்காலியிலிருந்து விளக்கம் வந்தது.

தலைவர் நேர்மையானவர். போட்டியில் பேசியது ஒருவர்தான். விதிப்படி முதல் பரிசு அவருக்குத்தான் என்று தீர்ப்புச் சொல்லி, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான ஜாமெட்ரி பாக்ஸை என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் அழுதுகொண்டே வந்தேன். வசந்தா வேர்க்கடலை தின்றுகொண்டே வந்தாள்.

"சத்தியத்தைக் காப்பாத்தலைடி. மன்னிச்சுக்கோ" என்றேன்.

"பரவால்ல. பத்துப் பேரா இருந்தா பேசியிருக்கவே மாட்டேன்."

"ஏன்?"

"பத்துப் பேருன்னா மூஞ்சி தெரியும்மா. இத்தினி பேருன்னா ஒண்ணும் தெரில. வெறும் தலைங்கதான்."

மறுநாள் அவள் வாத்தியார் வந்தார். "உள்ளேன் ஐயா" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பும் எழுந்து நின்றதாம்.

நூலகத்தில் அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சியை அறிவித்தாலும் கரும்பலகையின் அடியில் 'படம் கிடையாது' என்று எழுத வேண்டியதாயிற்று. சாக்கட்டியில் எழுதி எழுதி அலுத்துப்போய், சபாபதி சார் அதையும் பெயின்ட்டில் எழுதிவிட்டார். கண் பரிசோதனை முகாமாக இருந்தாலும் கடைசி வரி அதுதான்.

போன வருஷம் வசந்தாவைப் பெண் பார்க்க ஆரம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். எனக்குக் காலையிலிருந்தே படபடப்பு. காபி டம்ளர்களை இரண்டு முறை எண்ணினேன், மூன்று முறை கழுவினேன். பையனின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் பெண்ணைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்கில் விரலை வைத்தார்.

"அட! நீங்க ஆறாம் வகுப்பு இல்ல?"

நான் டம்ளர்களை மூன்றாம் முறை எண்ண ஆரம்பித்தேன்.

"எங்க அக்கா ஊட்டுக்கு வந்திருந்தேன் அன்னிக்கி. முன்னாடி வரிசைல மணலு குமிச்சிக்கினு உக்காந்திருந்தேன். அப்ப மைக்க புடுங்கி உண்மையச் சொன்ன பொண்ணு இதானா?" என்று வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார். "எங்க ஊட்ல எல்லாருமே ஊமக் கோட்டானுங்க. இந்தப் பொண்ணு வந்தாத்தான் சரிப்படும்."

கல்யாணம் தை மாதம் நடந்தது. சம்பந்தியம்மா எனக்கு மாதம் ஒரு கார்டு போடுகிறார். தபால் விலாசத்தில் என் பெயருக்குப் பின்னால், படித்த பட்டம் போடுகிற இடத்தில், 'ஆறாம் வகுப்பு' என்று எழுதிவிடுகிறார். எங்கள் தெருவில் என் பெயரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். கார்டு ஒருநாளும் தவறிப் போனதில்லை.